ஏழு நாள் பாஸ் வேண்டாம், கணக்கைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஜப்பான் பயணத் திட்டத்தைப் பிரின்ட் எடுத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். ஊர்கள் சரி, நாட்கள் சரி. கடைசியில் "மூணு பேருக்கும் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் போட்டுடறேன்ப்பா" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. டிக்கெட் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான். கட்டணக் கணக்கு என்றால் கை சும்மா இருக்காது.

பாஸ் எடுத்தால் லாபம் என்று உன் சிநேகிதிகள் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் போன காலத்தில் அந்தப் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்த் திரும்பவே 28,000 யென் பக்கம் ஆகும். அப்போது யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். 2023 அக்டோபரில் அதே பாஸை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். கேட்டால் அந்தத் தடத்திலேயே வேகமான புல்லட் ரயிலான நொஸோமியிலும் ஏறலாம் என்று சலுகை கொடுத்திருக்கிறோம் என்பார்கள். அதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். டோக்கியோ கியோட்டோவுக்கு 4,960 யென். பாஸும் வாங்கி, மேலே இதையும் கட்டுவதா? கட்டாமல் அடுத்த வேக வண்டியான ஹிகாரியில் போனால் அரை மணி நேரம்தான் கூடும்.

இனி நம் கணக்கு. நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் சுமார் 3,000. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி சுமார் 14,000. திரும்பி டோக்கியோவுக்கு வரப்போவதில்லை, ஒசாகா பக்கம் உள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறோம். ஆக மிச்சம் இருப்பது கியோட்டோவைச் சுற்றியுள்ள ஊர்களும் ஹிரோஷிமாவும்தான். அதற்கு கன்சாய் ஹிரோஷிமா பாஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 5 நாள், 17,000 யென். ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையமான ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை புல்லட் ரயிலில் ஏறலாம்; அந்தத் தடத்தில் நொஸோமிக்கும் தனிக்காசு கிடையாது. ஹிரோஷிமாவுக்கு டிக்கெட் எடுத்து ஒரு நாள் போய் வந்தாலே 20,000 யென்னைத் தாண்டும், அதிலேயே பாஸ் காசு வந்துவிடும். ஹிமேஜி கோட்டை, நாரா, கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா வண்டி எல்லாம் மேற்கொண்டு லாபம்.

கூட்டிப் பார், தலைக்கு 34,000. உன் பாஸோடு ஒப்பிட்டால் 16,000 மிச்சம், மூன்று பேருக்கு 48,000 யென். நம் காசில் 25,000 ரூபாய்க்கு மேல்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இரு. கியோட்டோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் நடுவே ஓடும் புல்லட் ரயிலில் கன்சாய் ஹிரோஷிமா பாஸ் செல்லாது. அந்தத் தடம் வேறொரு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) கம்பெனியுடையது. ஹிரோஷிமா போகிற அன்று கியோட்டோவில் சாதாரண விரைவு வண்டி பிடித்து, அரை மணி நேரத்துக்குள் ஷின் ஒசாகாவில் இறங்கி, அங்கே மாற வேண்டும். அவசரத்தில் கியோட்டோவிலேயே நொஸோமியில் ஏறிவிட்டால் அந்தத் துண்டுத் தூரத்துக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

காசு மட்டும் இல்லை அம்மா. பாஸ் கையில் இருந்தால் மனுஷனை ஓட வைக்கும். நம்மூரிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்ட்ரெயில் பாஸ் என்று ஒன்று இருந்தது, டாலரில் வாங்குவார்கள், 2017இல் நிறுத்திவிட்டார்கள். மதுரையில் காலையில் இறங்கி, கோவிலை எட்டிப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே அடுத்த வண்டிக்கு என் கவுண்டரில் வந்து நிற்பார்கள். கேட்டால் பாஸ் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்பார்கள். தூரத்து ஹக்கட்டா ஊர் வரை போய்த் திரும்பி, நடுவில் நாலு ஊர் பார்க்கிற வயசுப் பையன்களுக்கு அந்த ஏழு நாள் பாஸ் கட்டும். உன் அம்மாவின் முட்டிக்குக் கட்டாது.

டோக்கியோவுக்குள் சுற்றப் பாஸ் எதுவும் வேண்டாம். சுய்கா கார்டில் பணம் போட்டுக்கொண்டால் மெட்ரோ, பஸ் இரண்டிலும் தட்டிவிட்டுப் போகலாம். ஜப்பான் பாஸ் வாங்கியிருந்தாலும் அங்கே மெட்ரோவில் அது செல்லாது.

ஒசாகாவில் வேலை பார்க்கும் உன் தோழியும் கூட வருகிறாள் என்றாயே, அவளுக்கு எந்தப் பாஸும் எடுத்து வைக்காதே. சுற்றுலாவுக்கு வந்தவர் என்று பாஸ்போர்ட்டில் 'தற்காலிக வருகையாளர்' முத்திரையோ ஸ்டிக்கரோ இருந்தால்தான் கொடுப்பார்கள். அங்கேயே வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. நாமும் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பெட்டி விஷயம். அம்மாவின் பச்சைப் பெட்டியை டேப் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினேன். 168 சென்டிமீட்டர். கியோட்டோ போகும் புல்லட் ரயிலில் 160ஐத் தாண்டினால் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை, செய்யாமல் ஏறினால் 1,000 யென். சின்னப் பெட்டி எடுத்துக்கொள் என்றேன். முறுக்கு எங்கே வைப்பது என்கிறாள். நீயே பேசு.

சீட்டு போடும்போது வலப்பக்கம் 'E' எழுத்துப் போட்ட ஜன்னல் சீட்டைப் பார்த்துப் போடு. டோக்கியோவிலிருந்து போகையில் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். அங்கே இரண்டு சீட்டுதான், நீயும் அம்மாவும் உட்காருங்கள். எனக்கு உங்களுக்கு முன் வரிசையில் இன்னொரு 'E' பார். மேகம் மூடியிருந்தால் அதற்கு ரயில்வே பொறுப்பில்லை.

ஹிரோஷிமா எந்த நாள் என்று நீ முடிவு பண்ணியதும் சொல். ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவில் தண்ணீருக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாசலை அலை ஏறியிருக்கும்போதுதான் பார்க்கணும் என்கிறாள் அம்மா. ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு நாளை மாற்றினாலும் மாற்று. தீவுக்குப் போகும் ஜேஆர் படகுக்கும் கன்சாய் ஹிரோஷிமா பாஸ் செல்லும், தலைக்கு 100 யென் வரி மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை போனில்.

அன்புடன்,
அப்பா