பஸ் டிரைவரை ஏன் சார் யாரும் ஹீரோ ஆக்கறதில்ல?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஸ்போர்ட்ஸையும் தீவிரவாதத்தையும் கலந்து எழுதற இங்கிலீஷ் த்ரில்லர்களைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். இந்த டைப் நாவல்னா எனக்கு உசுரு, காலேஜ் நாள்ல வாடகை லைப்ரரில எடுத்து, கடைசி நாலு பக்கம் கிழிஞ்சுபோன காப்பியைக்கூட விடாம படிச்சுட்டு முடிவு என்னவா இருக்கும்னு ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சுக்கிட்ட ஆளு நான். ஆனா ஸ்டேடியத்துல கூட்டம் எவ்வளவு பெருசோ கதை அவ்வளவு விறுவிறுப்புங்கற மாதிரி எழுதியிருக்காங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

அவங்களே பாராட்டியிருக்கற தாமஸ் ஹாரிஸோட 'பிளாக் சண்டே'யையே எடுத்துக்குவோம். 1975ல வந்த புக், ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல இஸ்ரேல் டீம்காரங்க 11 பேர் தீவிரவாதிங்க கையில செத்து மூணு வருஷம்தான் ஆகுது, அந்தச் சூடு ஆறவே இல்ல. அமெரிக்கன் ஃபுட்பாலோட ஃபைனலான சூப்பர் பௌல் நடக்கற ஸ்டேடியத்து மேல பிளிம்ப்ல, அதாவது சுரைக்காய் மாதிரி வானத்துல மிதக்கற அந்த விளம்பரக் கப்பல்ல, குண்டோட வந்து இறங்கறதுதான் பிளான். சரி, இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு ஞாபகம் இருக்கறது கீழ உக்காந்திருக்கற ஜனமா? இல்ல சார், மேல இருக்கற பைலட் லேண்டர்தான். வியட்நாம்ல போர்க்கைதியா கிடந்து மனசு முறிஞ்சு வந்தவன், டிவி கேமராவைச் சுமந்துக்கிட்டு மேட்ச்சுக்கு மேட்ச் ஸ்டேடியத்து மேல பறக்கறதுதான் அவன் உத்தியோகம். அவன் சுவர் ஏறிக் குதிக்கல, டூட்டிக்கு வர்றான், அவ்வளவுதான். டூட்டிக்கு வர்றவனை யார் சந்தேகப்படுவா?

1977ல படமா வந்தப்ப இன்னும் கூத்து, முந்தின வருஷம் மயாமில நடந்த நிஜ சூப்பர் பௌல் கூட்டத்துக்கு நடுவுலயே ஷூட்டிங் நடத்தியிருக்காங்க, குட்இயர் கம்பெனி நிஜ பிளிம்ப்பையே குடுத்திருக்கு. இன்னைக்கு எவனாவது போய்க் கேட்டா உள்ள தூக்கிப் போட்ருவாங்க.

டாம் கிளான்சி 1991ல 'த சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்'ல அதே சூப்பர் பௌலுக்கு அணுகுண்டே கொண்டுவந்துட்டார். அதுலயும் எனக்குப் பிடிச்சது வெடிக்கற சீன் இல்ல, குண்டு செஞ்சு குடுத்த ஜெர்மன்காரனை வேலை முடிஞ்சுதுன்னு அவசரப்பட்டுக் கொன்னுடறாங்க, ஆனா பலத்தைக் கூட்ட உள்ள போடற டிரிட்டியம்ங்கற வாயுவைச் சுத்தம் பண்ணணும்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும், அதனால குண்டு பாதி பலத்துலகூட வெடிக்காம புஸ்ஸுன்னு போயிடுது. நாவலாசிரியன் தொழிலைக் கத்துக்கிட்டு எழுதறதுன்னா இது.

இவங்களைப் பாத்து எழுதினவங்க பலரும் எண்பதாயிரம் பேர், ஃபைனல், ஓடற கவுண்ட்டவுன் கடிகாரம், இதை மட்டும் காப்பி அடிச்சுட்டாங்க. ஆனா நிஜத்துல அடி எங்க விழுந்திருக்குன்னு பாருங்க. 2009 மார்ச் 3, லாகூர். மும்பை தாக்குதலுக்கு அப்புறம் இந்தியா போகலைன்னு சொன்னதால அதுக்குப் பதிலா போன ஸ்ரீலங்கா டீம், நம்ம முரளிதரனும் அந்த பஸ்லதான் இருந்தார். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல லிபர்ட்டி ரவுண்டானா, பஸ்ஸைச் சுத்தி நின்னு சுடறாங்க, கிரனேட் வீசறாங்க, டிரைவர் மெஹர் முகமது கலீல் ஆக்சிலேட்டரை மிதிச்சு நேரா கடாஃபி ஸ்டேடியத்துக்குள்ள கொண்டுபோய்தான் நிறுத்தினார். பாதுகாப்புக்கு வந்த போலீஸ் 6 பேர், பொதுஜனம் 2 பேர் செத்துப்போனாங்க. அந்த டூர்ல கராச்சில 231, லாகூர்ல 214னு அடிச்சு வெச்சிருந்த சமரவீராவுக்குத் தொடையில குண்டு. கடைசில பிட்ச்சுக்குப் பக்கத்துலயே ஹெலிகாப்டர் இறங்கி டீமை ஏத்திக்கிட்டுப் போச்சு. இதுல இஸ்ரேல் உளவுத்துறை மொசாட்டோட ஏஜென்ட்டும் இல்ல சிஐஏ ஹீரோவும் இல்ல, ஒரு பஸ் டிரைவர். இந்த ஆளை வெச்சு ஒரு நாவல் எழுத எவனுக்கும் தோணலையா?

அடுத்தது பாரிஸ், 2015 நவம்பர் 13, பிரான்ஸ் - ஜெர்மனி ஃப்ரெண்ட்லி மேட்ச். வெடிகுண்டு பெல்ட் கட்டிக்கிட்டு வந்த மூணு பேரும் உள்ள போக முடியாம ஸ்டேடியத்துக்கு வெளியிலயே வெடிச்சாங்க. சத்தம் கேட்ட ஜனம் பட்டாசுன்னு நெனச்சு ஆரவாரம் பண்ணுது, ஜனாதிபதியைச் சத்தமில்லாம கூட்டிட்டுப் போறாங்க, மேட்ச்சை மட்டும் நிறுத்தல. ஒரே நேரத்துல அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நாவல்லயெல்லாம் ஹீரோ வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து மேட்ச்சை நிறுத்துங்கன்னு கத்துவான், இங்க நிறுத்தாம இருந்ததுதான் புத்திசாலித்தனம்! வெளிய நடந்தது தெரிஞ்சும் வாயைத் திறக்காம ஆட்டம் முடியறவரைக்கும் ஒருத்தர் உக்காந்திருக்காரே, அந்த நேரம் போதும் சார், முன்னூறு பக்கம் ஓட்டலாம்.

ஜெர்மனியோட டார்ட்மண்ட் கிளப் கதையை நாவலா எழுதியிருந்தா நானே தூக்கி எறிஞ்சிருப்பேன். 2017 ஏப்ரல்ல அந்த ஃபுட்பால் டீமோட பஸ் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது வேலிச் செடிக்குள்ள ஒளிச்சு வெச்ச 3 குண்டு வெடிக்குது, பார்த்ராங்கற பிளேயருக்குக் கை மணிக்கட்டுல அடி, ஜிகாதிங்க எழுதின மாதிரி லெட்டர் வேற கிடக்குது. கடைசில பிடிச்சா அவன் தீவிரவாதியே இல்ல. அந்த கிளப் ஷேர் மார்க்கெட்ல இருக்கு, ஷேர் விழுந்தா லாபம் வர்ற மாதிரி கடன் வாங்கி ஆப்ஷன் வாங்கிப் போட்டுட்டு, டீம் தங்கின அதே ஹோட்டல்லயே ரூம் எடுத்து உக்காந்திருந்திருக்கான் படுபாவி. 14 வருஷம் ஜெயில். இதுல இன்னொரு கொடுமை, மறுநாளே டீமை மேட்ச் ஆட வெச்சுட்டாங்க, மொனாக்கோகிட்ட 2-3ன்னு தோத்தாங்க. முந்தின நாள் குண்டுக்குத் தப்பினவன் மறுநாள் எப்படிப் பந்தை உதைச்சிருப்பான்னு எழுதினா அதுதான் எனக்கு த்ரில்லர்.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி லிஸ்ட் போடும்போது எத்தனை பேர் சாவறாங்கன்னு பாத்து ரேங்க் போடாம, பஸ் டிரைவர், கேட்ல நிக்கறவர், மைக்ல அறிவிப்பு சொல்றவர், இவங்களுக்கு எந்த நாவல்ல வேலை இருக்குன்னு பாத்துப் போடச் சொல்லுங்க.

பி.கு: கட்டுரையில சூப்பர் பௌலைக் கால்பந்து இறுதிப்போட்டின்னு போட்டிருக்கு. அது அமெரிக்கன் ஃபுட்பால் சார், பெரும்பாலும் கையில பிடிச்சுக்கிட்டுதான் ஓடுவாங்க. என் பையன் படிச்சுட்டுச் சிரிக்கறான்.

- பழைய வாடகை லைப்ரரி வாசகன், திருச்சி