வாசிகசாலையைக் காலையிலும் திறவுங்கள்

யாழ்ப்பாணத்து ஊர்களில் வாசிகசாலைகளை, அதாவது சனசமூக நிலையங்களை, நடத்திவரும் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கதையில் இருந்தே தொடங்குகிறேன். ஊர்ப் பேர் வேண்டாம், நான் போய்ப் பார்த்த வேறு சில ஊர்களிலும் நிலைமை இதுதான்.

என்னுடைய ஐயா பென்ஷன் எடுத்த பிறகு, பத்து வருசத்துக்கு மேலாக, காலை ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போய்விடுவார். பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, மரண அறிவித்தலில் இருப்பவர் யாருடைய மைத்துனர், யாருடைய சம்பந்தி என்று நாலு பேரோடு கதைத்துப் பிடித்து, அரசியலில் சண்டை போட்டு, பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் பழைய கட்டடம் இடிபட்டுப் புதுக் கட்டடம் எழும்பியது. நல்ல கட்டடம்தான். ஆனால் டைல்ஸ் ஊத்தையாகும், சாமான் களவு போகும் என்று பின்னேரம் ஐந்து மணிக்கு மட்டும் திறக்கத் தொடங்கினார்கள். அது பெடியள் கரம் விளையாடும் நேரம். ஐயா இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்தார், அப்புறம் விறாந்தைக் கதிரையோடு இருந்துவிட்டார்.

இரண்டு வருசத்தில், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். ஒருநாள், ஐம்பது வருசம் போய்வந்த சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாராம். மறதி நோயின் தொடக்கம் என்று டொக்டர் சொன்னார்.

வாசிகசாலையைப் பூட்டியதால்தான் ஐயாவுக்கு இது வந்தது என்று நான் சொல்லமாட்டேன், அது நியாயமும் இல்லை. அவருக்குப் பிரஷர் இருந்தது, சீனி வருத்தம் இருந்தது, காதும் மந்தம். ஆனால் அதற்குப் பிறகு நான் தேடி வாசித்தவை என்னை நித்திரை கொள்ள விடவில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கான 14 காரணிகளைச் சொல்கிறது. அந்தப் பதினான்கையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்தால், உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்களின் கணிப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைத்தல், உடல் அசைவின்மை, மனச்சோர்வு, திருத்தாமல் விட்ட கண் பார்வை, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தனிமையும் உண்டு. அதை வாசித்தபோது எனக்கு விறாந்தைக் கதிரைதான் கண்ணுக்குள் நின்றது.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை வைத்து இரண்டு வருசம் ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2015இல் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷரையும் சீனியையும் கண்காணிப்பது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்களின் சிந்தனைத் திறன், வெறும் ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாக இருந்தது. 2025இல் அமெரிக்காவில் இருந்தும் இதே மாதிரி ஒரு முடிவு வந்தது. அங்கே இரண்டு பகுதியாருமே முன்னேறினார்கள், ஆனால் தாங்களாகவே செய்துகொள்ள விடப்பட்டவர்களைவிட, அடிக்கடி குழுவாகக் கூடி ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் கூட. நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமே இதுதான். "அப்பா, நடவுங்கோ" என்று கனடாவில் இருந்து போனில் சொல்வது லேசு. தனியாக ஒழுங்கையில் நடக்க யாருக்கு மனம் வரும்? போய்ச் சேர ஒரு இடமும், அங்கே காத்திருக்க நாலு பேரும் இருந்தால் கால் தானாக நடக்கும். கிழமைக்கு 150 நிமிடம் நடை அல்லது சைக்கிள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை, ஐயா கணக்குப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார்.

மூளைக்கு வேலை கொடுக்க நாங்கள் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. முந்நூற்று நாலு என்ற கடதாசி விளையாட்டு இருக்கிறதே! 32 கடதாசியில் எது போனது, எது யாருடைய கையில் இருக்கும், மூடிவைத்த துரும்பு எது என்று மனதில் கணக்கு வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் கூட்டாளியின் முகத்தையும் வாசிக்க வேண்டும். காசு வைக்காமல் காலையில் ஒரு மேசை போடுங்கள். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவாரே, அதை வாசிகசாலையிலும் கிழமைக்கு ஒருநாள் வைக்கலாம். வாசித்து, விளங்கி, வாய்விட்டுச் சொல்வது சும்மா கேட்டுக்கொண்டிருப்பதைவிட மூளைக்கு எவ்வளவோ வேலை.

அம்மாமாரை மறக்காதீர்கள். எங்கள் வாசிகசாலைகளில் வயதான பெண்கள் இருந்து பேப்பர் வாசித்ததை நான் கண்டதே இல்லை, அவர்களுக்குக் கோயிலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. கிழமையில் இரண்டு காலை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

ஒரு பிரஷர் மெசின் வாங்கி மேசையில் வையுங்கள், கொப்பியில் எழுதிவைக்க ஒரு பிள்ளை போதும். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது, ஆனால் உப்பு முழுநாளுக்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும், அது ஒரு தேக்கரண்டிதான். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, அதை நம்பிப் பிரஷர்க் குளிசையை நிற்பாட்டுவது ஆபத்து.

காதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். ஐயா கேட்காமல் விட்டதை எல்லாம் மறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்து, சத்தம் போட்டு, அவரை இன்னும் பேசாமல் ஆக்கினோம். காது கேளாதவர் சபையில் இருந்து ஒதுங்குவார், ஒதுங்கியவருக்கு மூளையும் மந்தமாகும். 2023இல் வந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்களாக இருந்த முதியவர்களுக்குக் காதுக் கருவி கொடுத்தபோது, மூன்று வருசத்தில் அவர்களுடைய சிந்தனைத் திறனின் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? வருசத்தில் ஒருநாள் காதும் கண்ணும் பார்க்க ஒரு முகாம் வையுங்கள்.

இன்னொன்று. மறதி என்றவுடன் "வயசு போட்டுது" என்று விட்டுவிடாதீர்கள் என்று ஊரில் சொல்லுங்கள். தைரோயிட் குறைவாலும், மனச்சோர்வாலும், விற்றமின் பி12 குறைவாலும் மறதி வரும், கண்டுபிடித்தால் மருந்து உண்டு. நீண்டகாலம் சைவச் சாப்பாட்டில் இருக்கும் முதியவர்கள் பி12ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

டைல்ஸ் ஊத்தையானால் கழுவலாம். களவு பயம் என்றால் பெறுமதியான சாமான்களை உள் அறையில் வைத்துப் பூட்டுங்கள், முன் மண்டபமும் கைபிடி உள்ள பத்துக் கதிரையும் பேப்பரும் எங்களுக்குப் போதும். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கு நான் வந்து திறந்து, கூட்டி, பத்து மணிக்குப் பூட்டித் தருகிறேன். திறப்பை யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் ஐயாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவேன், பேப்பரை அவர் இன்னும் சத்தமாக வாசிப்பார்.

அன்புடன்,
உங்கள் ஊர்களைப் போன்ற ஓர் ஊரில் இருந்து ஒரு மகள்