பாட்டா கொண்டு வந்த அச்சு: எல்லாருக்கும் எனக்க நன்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராத்திரி பதினொண்ணு ஆவுது, பிள்ளைய உறங்கியாச்சு, எங்க வீட்டுக்காரரும் இன்னைக்குத்தான் வலி இல்லாம சாஞ்சு படுத்திருக்காவ, நான் அடுக்களை வாசப்படியில இருந்து போன்ல இத டைப் பண்ணிட்டு இருக்கேன். நாளைக்கு எழுதலாம்னு விட்டா அடுத்த வேல வந்து நின்னுரும், மனசுல இருக்கது இருக்க மாதிரியே சொல்லணும்னா இன்னைக்கு, இந்த கிறிஸ்மஸ் ராத்திரியிலயே சொல்லிரணும்.

வீட்டுச் சுவரு இடிஞ்சு எங்க வீட்டுக்காரரு அடிபட்ட அந்த ராத்திரி நடந்தத நான் திரும்ப எழுதல. உங்கள்ல முக்காவாசி பேரு மறுநாள் வெளுக்கதுக்கு முன்ன முத்தத்துல வந்து நின்னவியதான், மத்தவிய கேட்டு அறிஞ்சிருப்பிய. அத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்கு. உயிரு இருக்கு, அது போதும்.

37 கிறிஸ்மஸ் பலகாரப் பெட்டிக்கு ஆர்டர் வாங்கி வச்சிருந்தேன். முக்காவாசி பேரு அட்வான்சும் குடுத்தாச்சு, அந்த காச முந்திரிக்கொத்துக்கு செறுபயறு, கருப்பட்டி, சர்க்கர, முட்ட, பச்சரிசின்னு மொத்தமா வாங்கிப் போட்டேன், போட்டதுல பாதி மண்ணோட போச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன், பைசாவ தவணையா திருப்பித் தந்திருதேன்னு. ஒருத்தரு கூட வாங்கல. "நீ செய்யுத அன்னைக்கு செய்யி, ஈஸ்டருக்குன்னாலும் சரி"ன்னு மார்த்தாண்டத்துல ஒரு டீச்சர் சொன்னாவ, போன கட் பண்ணிட்டு அங்கயே இருந்து அழுதேன்.

எங்க வீட்டுக்காரரு நாலாம் நாள் பேச ஆரம்பிச்சதும் முதல்ல கேட்டது, "கேக்குக்கு ஊறப்போட்ட பரணி தப்பிச்சா?"ன்னு. தப்பிச்சுது. அக்டோபர்ல ரம்முல ஊறப்போட்ட உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் ஆரஞ்சுத் தோலும் அந்த பீங்கான் பரணிக்குள்ள, முன் அறக் கட்டிலுக்கு அடியில ஒரு சொட்டு சிந்தாம இருந்துச்சு. "அப்ப செய்யி, நான் இஞ்ச சும்மாதான கெடக்கேன்"னாவ. அந்த ஒரு சொல்லுலதான் நான் திரும்ப எழும்பினேன்.

அடுத்த வீட்டு உம்மா அவிய அடுக்களைய எட்டு நாளு எனக்கு விட்டுத் தந்தாவ. அவிய மருமவ ராவு ரெண்டு மணி வர எனக்க கூட இருந்து பயறு வறுத்து, தேங்கா துருவி, ஏலக்காவும் சுக்கும் இடிச்சா. சர்ச்சு இளைஞர் சங்கத்துப் பையம்மாரு மண்ண வாரி, ஓலையும் தார்ப்பாயும் கட்டித் தந்தானுவ. ஓவன் ஒரு வீட்டுல இருந்து வந்துச்சு, கேஸ் சிலிண்டர் இன்னொரு வீட்டுல இருந்து, அட்டப்பெட்டி ஒரு கடக்காரரு காசே வாங்காம தந்தாரு. வார்டுல ராவு டூட்டி சிஸ்டர், நான் இல்லாத நேரமெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு கஞ்சி ஊட்டி விட்டிருக்கா, அது எனக்கு டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் தெரியும். திருவனந்தபுரம் பஸ்ஸுல ஒரு கண்டக்டர் ஒம்பது பெட்டிய சீட்டுக்கு அடியில நசுங்காம வச்சுக் கொண்டுபோய் சேத்தாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும், எழுதுவேன். இன்னைக்கு ஒரு ஆளப் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லிக்கிடுதேன், ஏன்னா அந்த ஆளு போன்ல இதெல்லாம் படிக்கமாட்டாவ, அவிய செஞ்சது உங்க யாருக்கும் தெரியவும் செய்யாது.

எனக்க அச்சு போயிட்டு. அச்சு முறுக்கு செய்யுத அச்சு. எங்க அம்மைக்க கையில இருந்து எனக்கு வந்தது, மண்ணுக்க அடியில எங்க கெடக்கோ, எவ்வளவு தோண்டியும் கெடைக்கல. மத்தது எதுக்கும் மாத்து உண்டு. முந்திரிக்கொத்துக்கு கை போதும். (வெளியூர்க்காரிய நிறைய பேரு கேக்குதாவ, இதுல முந்திரிப்பருப்பு எங்கன்னு. எங்க ஊருல முந்திரின்னா திராட்ச, மத்தது கொல்லாங்கொட்ட. பயறு உருண்டைய மூணு மூணா சேத்து மஞ்சள் போட்ட அரிசிமாவுல முக்கிப் பொரிச்சா திராட்சக் கொல மாதிரி இருக்கும், அதான் பேரு.) கலகலாவுக்கு ஒரு கத்தி போதும், கேக்குக்கு எந்தத் தட்டுன்னாலும் போதும். ஆனா அச்சு முறுக்குக்கு அச்சு வேணும், அதுவும் பழகின அச்சு வேணும்.

மார்த்தாண்டம் சந்தைக்கு போயி புதுசு ஒண்ணு வாங்கினேன். புது அச்ச ரெண்டு மூணு நாளு கஞ்சித்தண்ணியில போட்டு வச்சு, கழுவித் தொடச்சு, எண்ணெயில திரும்பத் திரும்ப காய்ச்சி எடுத்தாத்தான் மாவு விட்டு வரும். எனக்கு நாளு எங்க இருக்கு? ஒரு ராத்திரி ஊறவச்சு, காலைல எண்ணெயில காய்ச்சி மாவுல முக்கினேன். விடல. ஈர்க்குச்சிய வச்சு தள்ளினா பிஞ்சு வருது. ஒன்றரை கிலோ அரிசி மாவு, ரெண்டு தேங்காக்க தலப்பாலு, முட்ட, எள்ளு, எல்லாம் கொழகொழன்னு போச்சு. டிசம்பர் 17, மத்தியானம் மூணு மணி. இனி அச்சு முறுக்கு இல்லாமத்தான் பெட்டி போவும்னு முடிவு பண்ணி அடுப்ப அணச்சேன். உங்களுக்கு அது சின்ன காரியமா தெரியும். எனக்கு அன்னைக்கு வந்த வெப்ராளம் சுவரு போனப்ப கூட வரல.

ஒண்ணு எப்பவோ படிச்சது அப்ப ஞாபகம் வந்துச்சு. தலச்சேரியில மாம்பள்ளி பாப்புன்னு ஒரு பேக்கரிக்காரரு, 1883-ல மர்டாக் பிரவுன்ங்கற தோட்ட முதலாளி சீமையில இருந்து கொண்டு வந்த கேக்க ருசி பாத்துட்டு அதே மாதிரி செஞ்சு குடுத்தாரு, நம்ம நாட்டுல பிளம் கேக்குக்கு தொடக்கமே அதுதான்னு சொல்லுவாவ. அவருக்கிட்ட சீமச் சாமான் ஒண்ணும் இல்ல. பிராந்திக்கு பதிலா கொல்லாம்பழமும் கதளிப்பழமும் போட்டு எடுத்த நாட்டுச் சரக்கு ஊத்தினாராம், கேக்கு அச்சு தர்மடத்துல ஒரு கொல்லங்கிட்ட சொல்லி அடிச்சாராம். எனக்கு அந்த கொல்லன்தான் மனசுல நின்னான். நான் படிச்சதுல அவன் பேரு இல்ல. அவன் அடிச்சுக் குடுக்கலைன்னா மாவு எதுல வேகும்?

மறுநாள் காலைல ஆறரை மணிக்கு, முத்தத்துல ஒரு பாட்டா நிக்காவ. ஒரு கையில குட, ஒரு கையில துணிச்சஞ்சி. பாறசாலைக்காரிய, கேரள எல்லை தாண்டினா அந்த ஊரு. மூணு நாலு வருசமா கிறிஸ்மஸுக்கு எனக்கிட்ட கேக்கு வாங்க பாட்டியும் பாட்டாவுமா வருவாவ, கேக்கு மட்டும்தான், மத்ததெல்லாம் பாட்டி வீட்டுல செய்வாவ. பாட்டி இந்த வருசம் நோம்பு காலத்துல தவறிட்டாவ. அதுக்கப்புறம் பாட்டாவ நான் பாக்கவே இல்ல. களியக்காவிளையில சாயாக்கடையில யாரோ பேசினது காதுல விழுந்து, முதல் பஸ்ஸ பிடிச்சு வந்திருக்காவ.

சஞ்சிக்குள்ள இருந்து மலையாளப் பேப்பர்ல சுத்தின ஒண்ண எடுத்து நீட்டினாவ. பிரிச்சா அச்சு. நீளக் காம்பு, காம்புக்க தலையில பாட்டி சுத்தின துணி, எண்ணெயும் புகையும் ஏறி கறுத்து தோலு மாதிரி ஆயிருக்கு. பூவுல ஒரு இதழ் மட்டும் ஒடுங்கி இருக்கு, எப்பவோ கல்லுல விழுந்ததாம். ஆனா இரும்புல ஒரு பொட்டு துரு இல்ல. தொட்டா விரல்ல எண்ணெ ஒட்டுது. புது எண்ணெ.

பாட்டி போயி பத்து மாசம் ஆச்சு, வீட்டுல முறுக்கு சுட ஆளில்ல. நான் அச்சையும் பாட்டாவையும் மாறி மாறி பாத்தேன். அவிய சொன்னாவ, "மாசத்துக்கு ஒரு தடவ தொடச்சு எண்ணெ போட்டு வைப்பா மக்ளே. அவ போனப்பொறவு நான் போடுதேன். சும்மா இருந்தா துரு பிடிச்சிரும்லா."

இதுக்கு மேல அவிய ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல.

அன்னைக்கே மாவு கரைச்சேன். எண்ணெ காஞ்சதும் அச்ச முதல்ல எண்ணெயிலயே வச்சு நல்லா சூடேத்தி, எடுத்து மாவுல முக்கா அளவுதான் முக்கணும், மேல் விளிம்ப மாவு மூடிட்டா கழண்டு வராது. முக்கினதும் "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும். அந்த சத்தம் வந்துச்சு. எண்ணெயில இறக்கி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி, காம்ப லேசா ஒரு குலுக்கு. பூ தன்னால கழண்டு எண்ணெயில மிதந்துச்சு. உம்மா "அல்லா"ன்னாவ, நான் "ஏசப்பா"ன்னேன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

பாட்டா போகல. உம்மா வீட்டு திண்ணையில இருந்தாவ, கட்டன் சாயா குடுத்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா கேட்டாவ, "உடைஞ்சது உண்டா மக்ளே?" நல்லது ரெண்டு எடுத்து தட்டுல வச்சுக் குடுத்தேன், தள்ளி வச்சிட்டாவ. நல்லதெல்லாம் பாட்டி டின்னுல அடுக்கி சொந்தக்காரிய வீடுகளுக்கு குடுத்து விடுவாவளாம், உடைஞ்சது மட்டும் பாட்டாவுக்கு, அறுபது வருசத்துக்கு கிட்ட அவிய தின்னது முழுக்க உடைஞ்சதுதானாம். "எனக்கு அதுதான் ருசி"ன்னாவ. ஒரு உடைஞ்ச இதழ எடுத்து சாயாவுல முக்காம அப்படியே வாயில போட்டு, கண்ண மூடிக்கிட்டு மென்னுட்டு இருந்தாவ. நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நாலு நாளு வந்தாவ. காலைல முதல் பஸ்ஸுல வந்து உச்சைக்கு திரும்பிப் போவாவ. மாவு அடியில அரிசி தங்காம அடிக்கடி கலக்கணும், அந்த வேலைய அவிய எடுத்துக்கிட்டாவ. ஆறினத எண்ணி டின்னுல அடுக்கினாவ, சூட்டோட அடச்சா நமுத்துப் போவும்னு எங்கள அதட்டினாவ, அந்த அதட்டல் கூட பாட்டிக்க அதட்டலாத்தான் இருந்திருக்கும். பெட்டிக்கு 20 வீதம் 740 அச்சு முறுக்கு. எல்லாம் அந்த அச்சுலதான். உங்க பெட்டியில உள்ள முறுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு இதழ் ஒடுங்கி இருக்கும், பாத்திருப்பிய. ரெண்டு பேரு கேக்கவும் செஞ்சாவ. அது குறையில்ல. அது பாட்டிக்க கையில இருந்து எப்பவோ விழுந்த அடையாளம். இந்த வருசம் 37 பெட்டியிலயும் அந்த இதழ் இருந்துச்சு.

பைசா நீட்டினேன், கோவப்பட்டாவ. கேக்கு ஒண்ணு குடுத்தேன், அத மட்டும் வாங்கிக்கிட்டாவ, வழக்கம்போல அரைக் கிலோ, அதுக்கும் எண்ணிப் பைசா தந்தாவ. பாட்டி இருக்கப்ப எப்படி வாங்கினாவளோ அப்படியே வாங்கணும்னு இருந்திருக்கும், நான் மறுபேச்சு பேசல. அச்சு கிறிஸ்மஸ் கழிஞ்சு தந்தா போதும்னாவ.

நான் ஒண்ணு நேந்துக்கிட்டேன், அத உங்க எல்லாருக்கும் முன்னால எழுதி வைக்கேன், நாளைக்கு நான் மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க. இனி எத்தன பெட்டி ஆர்டர் வந்தாலும், பாட்டா இருக்க காலம் வர, முதல் டின்னு அவியளுக்கு, உடைஞ்சது. உடைஞ்சது பத்தலைன்னா நான் உடைச்சு நிரப்புவேன். மார்த்தாண்டத்துல வாங்கின புது அச்ச இப்ப கஞ்சித்தண்ணியில போட்டிருக்கேன், மாசத்துக்கு ஒரு நாளு அதுக்கு எண்ணெ போடுதது எனக்க மூத்த மவ வேலன்னு சொல்லியாச்சு, அவளும் சரின்னுட்டா.

அட்வான்ஸ் தந்தும் பெட்டி வாங்காத ரெண்டு பேரு இருக்காவ, உங்க பெட்டி உம்மா வீட்டுல மூடியில பேரெழுதி வச்சிருக்கு, வந்து எடுத்துக்கிடுங்க. பாத்திரம் தந்தவிய பொறுத்துக்கிடுங்க, ஒவ்வொண்ணா கழுவி நானே கொண்டு வாரேன்.

பாட்டிக்க அச்ச சோப்பு போடாம துணியால தொடச்சு, தேங்காண்ணெ தடவி, அதே மலையாளப் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். காலைல முதல் பஸ்ஸுல பாறசாலைக்கு போறேன். டின்னும் நிறைஞ்சிருக்கு.