ஒன்பது ஞாயிறுகள்: உடன் வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்துக் கோச் மைக் டி'ஆன்டோனியின் கதையை எங்கள் கூடைப்பந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்பது ஞாயிறு. பயிற்சி முடிந்ததும் மைதானத்து ஓரம் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். சொன்னது நான்தான், கதையைக் கொடுத்தவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை.

முதல் நன்றி, எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பழைய கோச்சுக்கு. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அவர் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குக் கோச்சாக இருந்த காலத்தை மட்டும் சொல்வதாகத்தான் இருந்தேன். 2004-05இல் 62 வெற்றி, அந்த அணியின் ஸ்டீவ் நாஷ் கொடுத்த பாஸ்கள், பந்து கைக்கு வந்த ஏழு விநாடிக்குள் ஷாட் என்று எல்லோரும் பேசிய அந்த வேகம். அதற்கு முந்தைய வாழ்க்கையை, "என்.பி.ஏ.வில் சோபிக்காமல் இத்தாலிக்குப் போனார்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். சார் படித்துவிட்டு, "பதிமூணு வருஷத்தை ஒரு வரியில தள்ளிட்டியேப்பா. அந்த மனுஷன் கோச் ஆனதே அங்கதானே" என்றார். அன்றிரவே குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் சொன்னது சரி சார்.

பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த வங்கி அண்ணனுக்கும், ஞாயிறுதோறும் சுண்டல் அவித்துக் கொண்டுவந்த அம்மாக்களுக்கும் நன்றி.

அடுத்து மிலானில் வேலை பார்க்கும் தம்பி. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. டி'ஆன்டோனி மேற்கு வர்ஜீனியாவின் மல்லென்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர், அப்பா லூயிஸ் பள்ளிக்கூடக் கோச், 1973இல் கான்சாஸ் சிட்டி-ஓமஹா கிங்ஸ் அணி அவரை என்.பி.ஏ.வின் புது ஆட்டக்காரர் தேர்வில் இரண்டாம் சுற்றில் எடுத்தது, அமெரிக்காவில் நிலையான இடம் கிடைக்காமல் 1977இல் இத்தாலியின் ஒலிம்பியா மிலான் அணிக்குப் போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருடைய தாத்தா இத்தாலியின் நோச்சேரா உம்ப்ராவிலிருந்து கப்பலேறிப் போனவர் என்பதும் தெரியும். ஆனால் மிலான் அவரை எப்படி வைத்திருந்தது என்பதை உன் வீட்டுக்காரப் பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச நீ போனில் தமிழில் சொன்னாய். நடுநடுவே அவர் குரல் உடைந்ததும் எனக்குக் கேட்டது.

1986 நவம்பர். ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையில் கிரேக்கத்தின் ஆரிஸ் அணியிடம் தெசலோனிகியில் 98-67 என்று மிலான் தோற்றிருந்தது. முப்பத்தொரு புள்ளி! இரண்டு ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. எதிரில் ஆரிஸின் நட்சத்திரம் நிக்கோஸ் காலிஸ். மிலானுக்கு டேன் பீட்டர்சன் கோச்; மெனெகின், மெக்கடூ, டி'ஆன்டோனி என்று முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்கள். மிலானில் நடந்த மறு ஆட்டத்தில் 83-49. முப்பத்து நாலு புள்ளி வித்தியாசம். மூன்றே புள்ளியில் தப்பினார்கள். அடுத்து வந்த 1987 வசந்தத்தில் லொசானில் மக்காபி டெல் அவீவை 71-69 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது அதே அணிதான். மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

அந்த மறு ஆட்டத்தன்று அரங்கில் இருந்தவர் அந்தப் பெரியவர். "பந்தைக் கையில வச்சிருக்கிறவன் அந்த மீசைக்காரரைப் பார்த்தாலே பயந்துடுவான்" என்று டி'ஆன்டோனியைப் பற்றி அவர் சொன்னதாக நீ சொன்னதும், எங்கள் பிள்ளைகள் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்' செய்வதற்கே 'மீசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது மைதானத்தில் "மீசை! மீசை!" என்றுதான் கத்துகிறார்கள்.

பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் எங்கள் குட்டி பாயின்ட் கார்டுக்கும் நன்றி. "நேத்து வரைக்கும் கூட விளையாடினவங்களுக்கு அவரு எப்படி சார் கோச்சா இருந்தாரு?" என்று கேட்டாளே, அதற்கு எனக்குப் பதில் இல்லை. 1990இல் ஆட்டத்தை நிறுத்தி அதே மிலானுக்கே கோச் ஆனார். 1993இல் ஐரோப்பிய அணிகளுக்கான கோராச் கோப்பை, பிறகு இத்தாலியின் இன்னொரு அணியான ட்ரெவீசோவுக்குப் போய் 1995இல் ஐரோப்பியன் கோப்பை (சாம்பியன்ஸ் கோப்பைக்கு அடுத்த நிலை), 1997இல் இத்தாலிய லீக். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த முதல் நாள் உடைமாற்றும் அறையில் என்ன பேசினார் என்று தெரியாது. பாயின்ட் கார்டாக ஆடியவன் வருஷக்கணக்காக மைதானத்துக்குள்ளேயே பாதிக் கோச்சாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் அடுத்த வாரமே மற்றவர்களை நிறுத்தி நிறுத்தி இடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அதன்பின் அவர் என்.பி.ஏ.வின் டென்வர் அணிக்குக் கோச்சாக இருந்த பகுதியைச் சொல்லத் தயங்கினேன். 14 வெற்றி, 36 தோல்வி. ஒரே சீசனில் வேலை போயிற்று. பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்களோ என்று பயம். "மறைக்காம சொல்லுங்க" என்று தைரியம் கொடுத்த உடற்கல்வி ஆசிரியை அக்காவுக்கு நன்றி. டி'ஆன்டோனி மறுபடி ட்ரெவீசோவுக்குப் போய் 2002இல் லீக்கை வென்றார் என்றதும்தான் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஃபீனிக்ஸ், 2005இலும் 2017இலும் கிடைத்த என்.பி.ஏ. சிறந்த கோச் விருது எதற்கும் அவ்வளவு தட்டவில்லை. என்.பி.ஏ. கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை என்று சொன்னபோது, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தம்பி, பெரியவர் பத்திரமாக வைத்திருந்த நுழைவுச்சீட்டின் படத்தை அனுப்பினாயே, அதைப் பெரிதாக அச்சிட்டுப் பந்து வைக்கும் அலமாரிக் கதவில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறோம். வெயில் படாது. பந்து எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறார்கள். இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டு. 'மீசை' என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி வாசி.

அன்புடன்,
உங்கள் கோச்