மாசி வீதியை 'மாசி தெரு' ஆக்க வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மேல மாசி வீதி, மதுரை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம், மதுரை.

பொருள்: முகவரிப் பதிவுகளிலும் பெயர்ப்பலகைகளிலும் 'வீதி' என்ற சொல்லை அப்படியே வைத்திருக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் வங்கி ஒன்றில் என் மனைவியின் முகவரியை மாற்றப் போயிருந்தோம். ஒரு சான்றில் 'மேல மாசி வீதி', இன்னொன்றில் 'மேற்கு மாசி தெரு'. இரண்டும் வேறு வேறு இடம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது வீதிக்கும் ஸ்ட்ரீட், தெருவுக்கும் ஸ்ட்ரீட். அதையே திரும்பத் தமிழாக்கும்போது எல்லாம் தெருவாகிவிடுகிறது. 'மேல' என்பது 'மேற்கு' ஆனதும் இப்படித்தான். கல் பாவிய வழியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ஸ்ட்ரீட். நம் ஊரில் சாமி வரும் வழிக்கும் பால்காரர் வரும் வழிக்கும் தனித்தனிச் சொல் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

தெரு மட்டமான சொல் என்று சொல்ல வரவில்லை. இந்த மதுரையின் பெருந்தெருக்களைத்தான் மதுரைக்காஞ்சி 'யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு' என்கிறது. ஓர் ஆறே வந்து படுத்துக் கிடப்பதுபோல அவ்வளவு அகலமாம். (இப்போது இருபுறமும் நிற்கும் பைக்குகளைப் புலவர் பார்க்கவில்லை.) தெரு தமிழ்ச் சொல். வீதி வடமொழியிலிருந்து வந்தது. ஆனாலும் சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போதே துணி விற்கும் அறுவை வீதியும் தானியம் குவித்த கூல வீதியும் வந்துவிடுகின்றன. கீழ மாசி வீதியில் பருப்பு மூட்டை இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூல வீதிதான் ஞாபகம் வரும்.

அப்புறம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் படிந்தது. ஆடி வீதி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரிகின்றன. வீதி உலா என்கிறோம், தெரு உலா என்று யாரும் சொல்வதில்லை. திருமலை நாயக்கர் காலத்தில் தேர்த் திருவிழா மாசியிலிருந்து சித்திரைக்கு மாறியது. தேர் இன்றும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. திருவிழா மாதம் மாறிவிட்டது, பழைய மாதம் வீதியின் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது.

வெளி வீதிக்கும் மாரட் வீதிக்கும் 'சாமி வரும் வழிதான் வீதி' என்ற இந்தக் கணக்கு பொருந்தாதே என்று கேட்கலாம். சரிதான். அவை கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து ஊரை விரித்தபோது வந்தவை. அதே சதுர வரிசையில் அமைந்ததால் மக்கள் அவற்றையும் வீதி என்றே அழைத்தார்கள். எழுகடல் தெரு, பத்துத்தூண் சந்து இரண்டையும் யாரும் வீதி என்பதில்லை. ஊருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, முகவரிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்காமல் பழைய தமிழ்ப் பதிவிலிருந்தே எடுக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீதி வீதியாகவும் தெரு தெருவாகவும் சந்து சந்தாகவும் இருக்கட்டும். ஆங்கிலப் பலகையிலும் ஸ்ட்ரீட் என்று மொழிபெயர்க்காமல் 'வீதி' என்ற ஒலியையே எழுதலாம். மாசி வீதியின் நான்கு மூலைகளிலும் பெயர்க்காரணத்தை இரண்டு வரியில் எழுதி வைத்தால் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் தெரிந்துகொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று அவசரமாக வேண்டும். 'மேல மாசி வீதி'யும் 'மேற்கு மாசி தெரு'வும் ஒரே இடம்தான் என்று ஒரு சான்றிதழ் தந்தால் வங்கி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல மாசி வீதிவாசி

இணைப்பு: முகவரிச் சான்று நகல்கள் – 2