தேய்ந்த பெயரை மெஷினால் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து 38 வருடம் பெயர் வெட்டியவன் நான். போன மாதம் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றிலிருந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டு வந்தார்கள். கும்பாபிஷேகத்துக்காகப் பாலிஷ் மெஷினில் கொடுத்திருக்கிறார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து ஏற்கெனவே மெலிந்திருந்த எழுத்தை மெஷின் வழித்துவிட்டது. அடித்தட்டில் ‘உபயம்’ மட்டும் பாதி தெரிந்தது. “மின்சாரப் பேனாவால் மேலேயே ஏதாவது எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சுண்ணாம்பைக் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்துப் பார்த்தால் முழுப் பெயரும் இருக்கிறது! கடைசி எழுத்து, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’. 1978-இல் அரசு மாற்றியதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் எழுதிய எழுத்து. அதை இன்றைய ‘லை’யாக வெட்டினால் கொடுத்தவர் கண்ட எழுத்து அங்கே இருக்காது.

மின்சாரப் பேனா அதிர்ந்து அதிர்ந்து புள்ளி குத்தும். பழைய பள்ளத்தின் கரையில் பட்டால் துள்ளி வெளியே ஓடும். பள்ளத்துக்குள்ளேயே போவதற்குக் கையுளிதான் வேண்டும். அதைக் கடையில் தேட வேண்டாம். நான் எல்லாமே தேய்ந்த முப்பட்டை அரத்தில்தான் செய்கிறேன்.

அரத்தைக் கரி அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் இளகியிருக்கும், இன்னொரு அரத்தால் ராவலாம். முகத்தை, அதாவது நுனியில் வெட்டும் பரப்பை, 45 டிகிரி சாய்வாக ராவி, அடிப்பக்கத்தில் நுனியைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிடி பாத்திரத்தில் இடிக்கும். இதில் ஒன்று முக்கியம். தமிழ் எழுத்து பெரும்பாலும் வளைவு. நுனியில் தூக்கிவிட்ட பகுதி நீளமாக இருந்தால், ‘ழ’வின் சுழியில் திரும்பும்போது அது வெளிக்கரையைக் கீறிவிடும். எள்ளளவு இருந்தால் போதும். இந்த எள்ளளவைப் பிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் மறுபடி காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் உடையும். ஒரு பக்கத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, வால் பக்கமிருந்து மெல்லச் சூடு காட்டினால் நிறம் நுனியை நோக்கி நகரும். நுனியில் வைக்கோல் நிறம் வந்த கணமே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். நீலம் ஏறிவிட்டால் முனை மழுங்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியில் எண்ணெய்க் கல்லில் முகத்தைக் கண்ணாடியாகத் தீட்டினால் வெட்டிய தடமும் அதே போல் மின்னும்.

அந்த விளக்குக்கு மூன்று உளி பிடித்தது. கோட்டுக்குக் கூர் நுனி, அகன்று போன பள்ளத்துக்கு வட்ட அடி, ‘லை’யின் தும்பிக்கைக்கென்றே புதிதாக ஒன்று. தேய்ந்த பித்தளை மெல்லியது, ஆழம் தேடக்கூடாது. பழைய தடத்திலேயே ஒரு சுற்று, மயிரிழை மாதிரி சீவல் சுருண்டு வந்தால் சரி.

கோயில் பொறுப்பில் இருப்பவர்களையும், பாட்டியின் சீர்ப் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன். பாலிஷுக்குக் கொடுக்கும் முன் எழுத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வையுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மெஷின் படாமல் கையால் துலக்கச் சொல்லுங்கள். ஐடிஐ ஃபிட்டர் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கத் தெரியும். ஆசிரியர்கள் மனது வைத்தால் இந்த உளியை இரண்டே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கூப்பிட்டால் நானே வருகிறேன், கூலி வேண்டாம். பழைய அரம் மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெட்டும் தொழிலாளி,
கும்பகோணம்.