இன்சுலின் போடும் முன்: இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். திங்கள்கிழமை முதல் நீங்கள் மருத்துவ வார்டில் பயிற்சிக்குச் செல்வதால், இன்சுலின் பற்றி மட்டும் இன்றே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் வருகின்றன. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும், அடுத்ததற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் உரியவை. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். மருத்துவர் எழுதியதைப்போல் இரண்டரை மடங்கு மருந்து ஏறிய நோயாளி இரவில் தூங்கிக்கொண்டிருந்தால், அவருடைய சர்க்கரை இறங்குவதை யாரும் கவனிக்காமலே போகக்கூடும். நான் மாணவியாக இருந்தபோது இப்படி இழுத்த சிரிஞ்சை, மூத்த செவிலியர் ஒருவர் குப்பியோடு சேர்த்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்துத் தடுத்தார். அந்தக் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்துப் படித்து, இன்னொரு செவிலியரிடம் காட்டிய பிறகே, நோயாளியின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கைப்பட்டையில் சரிபார்த்துப் போடுங்கள். உணவு வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். பதிவேட்டில் ‘யூனிட்’ என்பதை முழுச் சொல்லாகவே எழுதுங்கள், ஏனெனில் அதன் ஆங்கில முதலெழுத்து பூஜ்யம்போல் தெரிந்தால் 4 என்பது 40 ஆகிவிடும்.

தவறு நேர்ந்துவிட்டால், அந்த நிமிடமே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள்; நான் உங்களுடன் நிற்பேன்.